சுரங்கப் படிப்பும் நம் பிள்ளைகளும்

ரயில்வேயின் சரக்குப் போக்குவரத்தில் இன்றும் முதலிடம் நிலக்கரிக்குத்தான். நீராவி எஞ்சின்கள் ஓய்ந்த பிறகும் கரி வேகன்கள் ஓயவில்லை. அந்த வேகன்களோடு என் சர்வீஸ் முழுவதையும் கழித்தவன் என்ற முறையில், கரியை வெளியே கொண்டுவரும் படிப்பைப் பற்றி நம் குடும்பங்களுக்குச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

மண்ணுக்குள் கிடக்கும் கனிமம் தானாகவே செல்வமாகிவிடாது. அது எங்கே, எவ்வளவு ஆழத்தில், என்ன தரத்தில் இருக்கிறது என்று கண்டறிய வேண்டும். கூரை சரியாமல், நீர் புகாமல், வாயு தேங்காமல் வெட்டி எடுக்க வேண்டும். பிறகு நிலத்தைச் சீராக்க வேண்டும். மூன்றுக்கும் படித்தவர்கள் தேவை.

நம் நாட்டில் சுரங்கக் கல்லூரி வேண்டுமென்று 1901-லேயே காங்கிரஸ் மகாசபை தீர்மானம் போட்டது. கல்லூரி வந்ததோ 1926-ல், தன்பாத் நகரில். லண்டன் ராயல் ஸ்கூல் ஆஃப் மைன்ஸ் அதற்கு முன்மாதிரி. 1967-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகி, 2016-ல் ஐ.ஐ.டி. ஆயிற்று. எஃகு ஆலைகளுக்கு வேண்டிய உயர்தரக் கோக்கிங் கரி கிடைக்கும் ஜரியா வயல் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே பூமிக்கடியில் 1916 முதல் எரியும் நெருப்பும் மாணவர்களுக்கு ஒரு பாடம்தான்.

இந்தக் கல்வியின் அருமையை உணர்த்தியது ஒரு பெரும் துயரம். 1975 டிசம்பர் 27 அன்று, ஜரியாவை அடுத்த சாஸ்னாலா சுரங்கத்தில், கைவிடப்பட்ட பழைய பகுதியில் தேங்கியிருந்த நீர் உடைத்துக்கொண்டு பாய்ந்தது. 375 பேர் மாண்டனர். பழைய வெட்டுகளைச் சரியாக அளந்து வரைபடமாக்குவதும், இடையே எவ்வளவு தடிமன் சுவர் விடலாம் என்று கணக்கிடுவதும் வெறும் பரீட்சைப் பாடங்கள் அல்ல. உள்ளே இறங்குபவரின் உயிர் அவற்றில் இருக்கிறது.

பெற்றோர் கவனத்துக்கு: பட்டம் மட்டும் இருந்தால் சுரங்க மேலாளர் ஆகிவிட முடியாது. களத்தில் அனுபவம் பெற்று, சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககத்தின் தகுதிச் சான்றிதழும் வாங்க வேண்டும். 2019-ல் நிபந்தனைகளுடன், பகல் நேரத்தில், பூமிக்கடியிலும் பெண்கள் தொழில்நுட்ப, மேற்பார்வைப் பணிகள் செய்ய அனுமதி கிடைத்தது. ஊர்ப்பக்கம் படிக்க வைக்க நினைப்பவர்களுக்குக் கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகம் சுரங்கப் பொறியியல் நடத்துகிறது.

கம்ப்யூட்டர் படிப்பு மட்டுமே படிப்பு என்று எண்ணாமல், இதையும் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.