சேற்று நீர் சொல்லும் சாட்சி

சென்ற பள்ளி விடுமுறையில் சிங்கப்பூர் காத்தோங்கில் அக்காள் வீட்டில் தங்கியிருந்தேன். ஒரு காலத்தில் அந்த வட்டாரத்து வீடுகளுக்குப் பக்கத்திலேயே அலையடித்ததாம். 1960களில் கடலை மண்ணிட்டு நிரப்பத் தொடங்கியபின் கரை தள்ளிப் போய்விட்டது. ஒரு மாலை அங்கே நங்கூரமிட்ட கப்பல்களை எண்ணிக்கொண்டிருந்த அக்காள் மகன் கேட்டான்: "மாமா, கடலுக்கடியில் எரிகிற ஐஸ் இருக்கிறதாமே, நிஜமா?"

நிஜம்தான். ஆழ்கடலின் குளிரிலும் அழுத்தத்திலும் நீர் கூடுபோல் உறைந்து, மீத்தேன் வாயுவை உள்ளே பிடித்து வைத்துக்கொள்கிறது. தீக்குச்சி வைத்தால் எரியும். ஒரு கன மீட்டர் கட்டியில் சுமார் 160 கன மீட்டர் வாயு! 2006இல் ஜாய்டிஸ் ரெசல்யூஷன் என்னும் துளையிடும் கப்பல், கிருஷ்ணா-கோதாவரி கடற்பகுதியிலும் அந்தமான் கடலிலும் இதைக் கண்டெடுத்தது. பிறகு அதே கப்பல் சிங்கப்பூரில்தான் புதுப்பிக்கப்பட்டு 2009இல் மீண்டும் புறப்பட்டது.

கட்டி மேலே வருவதற்குள் பெரும்பாலும் உருகிவிடும். அப்போது சாட்சி சொல்வது நீர்தான். தோண்டியெடுத்த சேற்றை, தேங்காய்ப் பால் பிழிவதுபோல் இயந்திரத்தில் அழுத்திப் பிழிகிறார்கள். எரிபனி உறையும்போது உப்பை வெளியே தள்ளிவிடும். அது உருகினால் நல்ல நீர் கலந்து, பிழிந்த நீரில் உப்பு குறையும். எவ்வளவு குறைவோ, அதை வைத்து எரிபனியின் அளவைக் கணக்கிடலாம். பாலில் தண்ணீர் கலந்ததைக் கண்டுபிடிக்கும் வித்தைதான்!

சரி, அந்த வாயு பிறந்தது எங்கே? இதற்குச் சாட்சி அயோடின். கடல் உயிர்கள் மக்கும்போது மீத்தேனோடு அயோடினும் நீரில் சேரும். அதில் அயோடின்-129 என்னும் வகை மெல்ல மெல்லச் சிதைவது. பாதியாகக் குறையவே 1 கோடியே 57 லட்சம் ஆண்டுகள் ஆகும். அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு அப்பாலுள்ள பிளேக் ரிட்ஜ் நீரில் இதை அளந்து 2000இல் வெளியிட்டார்கள். அயோடினின் வயது சுமார் 5½ கோடி ஆண்டுகள்! சுற்றியிருந்த சேறோ மிக இளையது. அதாவது, வாயுவின் மூலம் அங்கேயல்ல, கீழேயுள்ள பழைய அடுக்குகளில் இருந்திருக்க வேண்டும்.

இந்த ஊற்றுக்கண் தெரியாமல் தோண்டுவது குருட்டு வேலை. ஆழ்கடலிலிருந்து இதை வியாபாரமாக எடுக்க இன்னும் எந்த நாட்டாலும் முடியவில்லை. தப்பி வெளியேறும் மீத்தேன், கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். நம் அடுப்புக்கு விடிவு வந்துவிட்டதென்று இப்போதே துள்ளுவோரை நான் நம்புவதில்லை.

மருமகனுக்கு நம்பிக்கை வரவில்லை. அன்றிரவே உப்புநீரைக் கிண்ணத்தில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்தான். பாதி உறைந்ததும் மேல் ஐஸைக் கழுவி ஒரு துண்டு நாக்கில் வைத்தான். பிறகு கிண்ணத்தில் மிஞ்சிய நீரைத் தொட்டு நக்கினான். முகம் போன கோணலைப் பார்த்து அக்காள், "உப்பு டப்பாவை எங்கேடா வைத்தாய்?" என்றாள்.