ஜிம்மி எங்கே போனது?

"நாய்தானே, இரண்டு நாளில் மறந்துவிடுவாள்" என்றே தாயும் தந்தையும் நினைத்தார்கள். கிளிநொச்சிப் பகுதியில் நான் சந்தித்த அந்தச் சிறுமிக்கு ஏழு வயது. அவள் பாடசாலைக்குச் சென்றிருந்த வேளை வீட்டு நாய் ஜிம்மி பஸ்ஸில் அடிபட்டு இறந்தது. தந்தை அதை வளவின் பின்புறத்தில் புதைத்துவிட்டார். பிள்ளை வந்து கேட்டபோது, "அது ஓடிப்போட்டுது" என்றார்கள்.

அன்றிலிருந்து அவள் படலையடியில் சோற்றுத் தட்டை வைத்துக் காத்திருந்தாள். ஒருநாள் தந்தை கொழும்பிலிருந்து திரும்பத் தாமதமானது. "அப்பாவும் ஓடிப்போட்டாரோ?" என்று கேட்டாள். அதன் பிறகே தாய் என்னிடம் வந்தார்.

பிள்ளை அழக்கூடாது என்பதற்காகவே பெற்றோராகிய நாம் பொய் சொல்கிறோம். ஆனால் ஓடிப்போனது திரும்பி வரலாம், இறந்தது வராது. ஹங்கேரிய உளவியலாளர் மரியா நாகி 1948இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் மரணத்தை உறக்கம் போலவோ பயணம் போலவோ கருதுவதாகக் குறிப்பிட்டார். இத்தகைய பிள்ளையிடம் "ஜிம்மி நித்திரை கொள்ளுது" என்றால், இரவில் படுக்கவே பயப்படலாம். "ஜிம்மி செத்துப்போச்சு. இனி அது மூச்சு விடாது, சாப்பிடாது, அதுக்கு நோவும் இல்லை" என்று நேராகச் சொல்லுங்கள். 'நான் படலையைத் திறந்து விட்டதாலா?' என்று பிள்ளை தன்னையே நொந்துகொள்ளவும் கூடும். அதையும் கேட்டறியுங்கள். உடனே வேறொரு குட்டியைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டாம்.

(நாய் விசர் பிடித்து இறந்ததெனச் சந்தேகம் இருந்தால் உடலைத் தொட விடாதீர்கள். கடித்ததா, நகம் பட்டதா என்று பிள்ளையிடம் விசாரியுங்கள். காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.)

அம்மம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "2009இல மனிசரையே அடக்கம் செய்யாமல் விட்டிட்டு வந்தனாங்கள். நாய்க்கு அழுகிறதோ?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு தந்தை மகளை அழைத்துச் சென்று, புதைத்த இடத்தைக் காட்டினார். "அப்பா பொய் சொன்னது பிழையம்மா" என்றார். அவள் வெகுநேரம் அழுதாள். பின் ஒரு செவ்வரத்தங் கொப்பை முறித்துவந்து அங்கே நட்டாள். கிணற்றடியிலிருந்து தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அம்மம்மாதான்.