பில்லை யார் கட்டுவது?



போன வருஷம் எங்கப்பா சாரத்திலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்தது. தூக்கிக்கொண்டு ஓடிய ஆஸ்பத்திரியில் முதலில் கேட்டது "எங்க வலிக்குது?" என்று அல்ல. "கவுண்டர்ல பணம் கட்டிட்டீங்களா?" என்றுதான். அன்று ராத்திரி அந்தக் கவுண்டர் முன்னால் நின்றபோது எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. பணக்கார நாட்டில் இந்தக் கவுண்டர் எப்படி இருக்கும்? அதைத் தேடிப் படித்த கதைதான் இந்தக் கட்டுரை.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்துக்கும் கனடாவின் வின்ட்சர் நகரத்துக்கும் நடுவில் ஒரே ஒரு ஆறுதான். இரண்டு ஊரிலும் கார் தொழிற்சாலை, இரண்டு ஊரிலும் அதே குளிர். ஆனால் கால் உடைந்தால் கதை வேறு!

வின்ட்சரில் உள்ளவர் தன் மாகாண ஹெல்த் கார்டைக் காட்டுவார். டாக்டருக்கும் ஆஸ்பத்திரிக்கும் அவர் பணம் தர வேண்டியதில்லை. பில் மாகாண அரசுக்குப் போய்விடும். அப்படியென்றால் டாக்டர்கள் எல்லாம் கவர்ன்மென்ட் ஸ்டாஃப் என்று நினைத்துவிடாதீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பெரும்பாலான டாக்டர்கள் சொந்தமாகத்தான் தொழில் செய்கிறார்கள். பணம் தருவது மட்டுமே அரசு. நோயாளியிடம் தனியாக வசூல் செய்ய ஒரு மாகாணம் இடம் கொடுத்தால், 1984-ஆம் ஆண்டின் கனடா சுகாதாரச் சட்டப்படி அதே அளவு தொகையை மத்திய அரசு தன் நிதியில் கழித்துக்கொள்ளும்.

டெட்ராய்டில் "உங்களுக்கு எந்த இன்சூரன்ஸ்?" என்று கேட்பார்கள். கம்பெனி வேலையில் இருப்பவருக்குக் கம்பெனி இன்சூரன்ஸ், 65 வயது தாண்டியவருக்கு மெடிகேர், ஏழைகளுக்கு மெடிகெய்ட். பின்னிரண்டும் 1965-இல் வந்த அரசுத் திட்டங்கள். எதிலும் சேராமல் 2023-இல் சுமார் 2.6 கோடி பேர் இருந்தார்கள். அவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்ப முடியாது. அவசரப் பிரிவுக்கு வந்தவரைப் பரிசோதித்து, அபாயம் நீங்கும்வரை பார்க்க வேண்டும் என்று 1986-இல் சட்டம் வந்தது. ஆனால் பில் பின்னாலேயே வீட்டுக்கு வரும்! இன்சூரன்ஸ் இருந்தாலும் பல திட்டங்களில் வருஷத்துக்கு இவ்வளவு தொகைவரை நம் கைக்காசுதான். அதற்கு 'டிடக்டிபிள்' என்று பெயர். மாதாமாதம் பிரீமியம் கட்டுவது வேறு.

இந்த வித்தியாசம் எப்படி வந்தது? இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசு சம்பள உயர்வுக்குக் கட்டுப்பாடு போட்டது. ஆள் பிடிக்க முதலாளிகள் சம்பளத்துக்குப் பதில் இன்சூரன்ஸ் தந்தார்கள். அது அப்படியே வேரூன்றிவிட்டது. விளைவு, வேலை போனால் கூடவே இன்சூரன்ஸும் போகும்.

கனடாவிலோ சஸ்காச்சுவான் என்ற கோதுமை விளையும் மாகாணம் வழிகாட்டியது. அதன் முதல்வர் டாமி டக்ளஸ் சிறுவனாக இருந்தபோது காலில் எலும்பு நோய். வீட்டில் பணமில்லை. மாணவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டில் ஒரு சர்ஜன் இலவசமாக ஆபரேஷன் செய்து காலைக் காப்பாற்றினார். டக்ளஸ் அரசு 1947-இல் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் காப்பீடு கொண்டுவந்தது. 1962 ஜூலையில் டாக்டர் செலவையும் சேர்த்தபோது மாகாண டாக்டர்கள் 23 நாள் ஸ்டிரைக் செய்தார்கள்! திட்டம் தாக்குப்பிடித்தது. 1972-க்குள் நாடு முழுக்கப் பரவிவிட்டது.

நம்ம எலக்ட்ரிகல் பாடத்தில் 'டைவர்சிட்டி ஃபேக்டர்' வருமே, ஞாபகம் இருக்கா? ஊரில் எல்லோரும் ஒரே நேரத்தில் எல்லா ஸ்விட்சையும் போடுவதில்லை. அதனால் மொத்த லோடைவிடச் சின்ன டிரான்ஸ்ஃபார்மரே போதும். இன்சூரன்ஸும் அதே கணக்குதான். எல்லோருக்கும் ஒரே நாளில் கால் உடையாது. கனடாவில் ஒரு மாகாணம் முழுக்க ஒரே லைன். அமெரிக்காவில் தெருவுக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மர், ஒவ்வொன்றுக்கும் தனி மீட்டர், தனி பில் கிளார்க்! மருந்து விலையும் டாக்டர் கட்டணமும் அங்கே அதிகம். 2023-இல் அமெரிக்கா தன் மொத்த உற்பத்தியில் சுமார் 17.6 சதவீதத்தை மருத்துவத்துக்குச் செலவழித்தது. கனடா சுமார் 12 சதவீதம். அதே ஆண்டு சராசரி ஆயுள் கனடாவில் 81.7, அமெரிக்காவில் 78.4. இதற்குத் துப்பாக்கி, போதை மருந்து, கார் விபத்தும் காரணம். ஆஸ்பத்திரி மேல் மட்டும் பழி போடுவது நியாயமில்லை.

கனடாவைச் சொர்க்கம் என்றும் சொல்ல மாட்டேன். அங்கே பில் இல்லை, கியூ இருக்கிறது. மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். 2005-இல் கியூபெக் வழக்கு ஒன்றில் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே, சிகிச்சைக்கான வரிசையில் கிடப்பதைச் சிகிச்சை கிடைத்ததாகக் கொள்ள முடியாது என்ற கருத்தைச் சொன்னது. வெளியில் வாங்கும் மாத்திரையும் பல் வைத்தியமும் அந்த 1984 சட்டத்துக்குள் வராது. நல்ல இன்சூரன்ஸ் உள்ள அமெரிக்கருக்கு ஸ்பெஷலிஸ்ட் சீக்கிரம் கிடைப்பார்.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். கம்பை ஊன்றி எழுந்துகொண்டே, "உன் வயசுப் பசங்களுக்கு அங்க என்னம்மா?" என்று கேட்டார். அமெரிக்காவில் 2010-இல் வந்த சட்டப்படி 26 வயதுவரை அப்பா அம்மா இன்சூரன்ஸில் இருக்கலாம், கனடாவில் ஆளுக்கு ஒரு கார்டு என்றேன். "அப்பனுக்கே இன்சூரன்ஸ் இல்லேன்னா?" என்றார். அதற்குப் பதிலை ஆற்றின் எந்தக் கரையில் நின்று சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர் வாசலுக்குப் போய்விட்டார்.

— மூன்றாம் ஆண்டு, மின்னியல் துறை மாணவி