லண்டனில் ஒரு பஞ்சாப்!

லண்டன் மாநகரின் நடுவிலிருந்து மேற்கே சுமார் 17 கிலோமீட்டர் போனால் சவுத்தால் என்ற ஊர் வரும்.

ரெயில் நிலையத்தில் இறங்கியதும் பெயர்ப்பலகையைப் பார்க்கலாம். ஆங்கிலத்தோடு பஞ்சாபி எழுத்தும் இருக்கிறது!

கடைத்தெருவுக்குப் போனால் இது இங்கிலாந்துதானா என்று சந்தேகம் வந்துவிடும். தலைப்பாகை கட்டிய பெரியவர்கள் நடக்கிறார்கள். ஜவுளிக்கடைகளும் நகைக்கடைகளும் நிறைந்திருக்கின்றன. சுடச்சுட ஜிலேபி கிடைக்கிறது. இங்கிருந்த ஒரு மதுக்கடையில் இந்திய ரூபாயையே வாங்கிக்கொண்டார்கள்! அந்தக் கடை 2012-ல் மூடப்பட்டது.

ரப்பர் ஆலையில் வேலை

பஞ்சாபியர் இங்கே எப்படி வந்தார்கள்?

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இங்கிலாந்தில் வேலைக்கு ஆள் கிடைப்பது கஷ்டமாக இருந்தது. 1950-களில் உல்ஃப் என்ற ரப்பர் ஆலை பஞ்சாபியரை வேலைக்குச் சேர்த்தது. வெப்பமும் நாற்றமும் நிறைந்த வேலை அது. வெள்ளையர் அதற்கு வர விரும்பவில்லை. பக்கத்தில் ஹீத்ரு விமான நிலையமும் வளர்ந்தது. அங்கேயும் பலருக்கு வேலை கிடைத்தது.

முதலில் ஆண்கள் வந்தார்கள். பிறகு மனைவி மக்களை அழைத்துக்கொண்டார்கள்.

பஸ்சில் போன பிள்ளைகள்

அதன் பிறகுதான் தொல்லை வந்தது.

பீக்கன்ஸ்பீல்டு சாலைப் பள்ளியில் இந்தியப் பிள்ளைகள் பெருகிவிட்டதாக வெள்ளைக்காரப் பெற்றோர் முறையிட்டனர். 1963-ல் கல்வி மந்திரி எட்வர்டு பாயில் அங்கே வந்து அவர்களைச் சந்தித்தார். 'ஒரு பள்ளியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குடியேறியவர்களின் பிள்ளைகள் இருக்கக்கூடாது' என்ற கொள்கை பிறந்தது.

மீதிப் பிள்ளைகள் என்ன ஆனார்கள்? பஸ்சில் ஏற்றி, தூரத்துப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடம் இருந்தது. ஆனால் அங்கே படிக்க வழி இல்லை!

1980-களின் தொடக்கத்தில்தான் இந்தப் பஸ்கள் நின்றன.

ஆசிரியர் பலி

இதற்கிடையே, 1976 ஜூன் 4-ந்தேதி குர்தீப் சிங் சாகர் என்ற 18 வயது மாணவர் தெருவிலே குத்திக் கொல்லப்பட்டார். ஊர் இளைஞர்கள் கொதித்தெழுந்து சங்கம் அமைத்தார்கள்.

1979 ஏப்ரல் 23-ந்தேதி, குடியேறியவர்களை வெறுக்கும் நேஷனல் பிரண்ட் கட்சி சவுத்தால் நகர மண்டபத்தில் கூட்டம் போட்டது. ஆயிரக்கணக்கானோர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவர்களுடன் ஒரு வெள்ளைக்கார ஆசிரியரும் நின்றார். அவர் பெயர் பிளேர் பீச். நியூசிலாந்தில் பிறந்தவர்; வயது 33. தலையில் அடிபட்டு அவர் இறந்தார்.

ஊரே திரண்டு வந்து அவர் உடலுக்கு அஞ்சலி செலுத்தியது. அநேகமாக ஒரு போலீஸ்காரர் அடித்துத்தான் அவர் இறந்தார் என்று போலீஸ் துறையின் சொந்த விசாரணை அறிக்கையே கூறியது. ஆனால் அது வெளியானது 2010-ல்தான்! யாரும் தண்டிக்கப்படவில்லை.

பள்ளிக்கூடத்தின் பெயர்

இப்போது சவுத்தாலில் சோமாலியரும் ஆப்கானியரும்கூட வாழ்கிறார்கள். 2003-ல் திறந்த பெரிய குருத்வாரா பொன்னிறக் கலசத்துடன் நிமிர்ந்து நிற்கிறது. பசி என்று யார் போனாலும் அங்கே இலவசச் சாப்பாடு உண்டு. ஜாதி, மதம் கேட்பதில்லை.

இந்தியப் பிள்ளைகள் அதிகம் என்று முறையிட்டார்களே, அந்தப் பீக்கன்ஸ்பீல்டு சாலையில் இன்றும் ஒரு தொடக்கப்பள்ளி இருக்கிறது. பல நாட்டுப் பிள்ளைகள் அங்கே ஒன்றாக உட்கார்ந்து படிக்கிறார்கள்.

பள்ளியின் பெயர்? பிளேர் பீச் தொடக்கப்பள்ளி!