வாய் திறக்காத புற்றுநோய்

மாணவர்களே, உங்கள் இடுப்பு எலும்பைத் தொட்டுப் பாருங்கள். கல் போன்ற அந்த எலும்புக்குள் மெத்தென்ற மஜ்ஜை இருக்கிறது. இரத்த அணுக்கள் பிறக்கும் இடம் அதுதான். அங்கே பிளாஸ்மா செல்கள் என்பவையும், நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவாக, குடியிருக்கின்றன. கிருமிகளை எதிர்க்கும் 'எதிர்ப்பொருள்' என்ற புரதத்தைத் தயாரிப்பதே அவற்றின் வேலை.

இவற்றில் ஒன்று கட்டுமீறி, தன்னைப் போன்றவற்றையே பெருக்கிக்கொண்டு போவதுண்டு. அந்த நோய்க்கு மல்ட்டிபிள் மயலோமா என்று பெயர். எலும்பு அரிக்கப்படும், வலிக்கும், இரத்தசோகை வரும். ஒரே செல்லின் வாரிசுகள் அல்லவா? எல்லாம் ஒரே புரதத்தைத்தான் வெளியிடும். நோயைக் காட்டிக்கொடுப்பதும் அதுவே. 1845-இல் லண்டனில் எலும்பு வலியால் துடித்த ஒரு வணிகரின் சிறுநீரை ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற மருத்துவர் சோதித்தார். அதில் திரண்ட ஒரு புரதம் சூடாக்கினால் கரைந்தது. ஆறியதும் மறுபடி திரண்டது! வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கரு எவ்வளவு கொதித்தாலும் இளகாது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்று இரத்தப் புரதங்களை மின்சாரத்தால் பிரித்து வரைபடமாக்குகிறார்கள். எதிர்ப்பொருள்கள் வரும் இடத்தில், நலமுள்ளவருக்குத் தாழ்ந்த குன்று தெரியும். நோயாளிக்குக் கோபுரம் போன்ற ஒற்றைச் சிகரம் எழும்.

ஆனால் மயலோமா நோயாளிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 1 முதல் 3 பேருக்குக் கோபுரமே எழுவதில்லை. சிறுநீரிலும் ஒன்றும் இராது. எக்ஸ்ரே படத்திலோ எலும்பில் ஓட்டைகள்! வேறோர் உறுப்பின் புற்றுநோய் எலும்புக்குப் பரவினாலும் ஓட்டைகள் விழலாம். இரத்தச் சோதனையை மட்டும் நம்பினால் நோய் நழுவிவிடும். எலும்பு முறியும் வரை காத்திருக்க நேரிடும்.

அப்போது மருத்துவர் இடுப்பெலும்பில் ஊசி செலுத்தி மஜ்ஜையை எடுக்கிறார். பிளாஸ்மா செல்கள் நூற்றுக்குப் பத்தோ அதற்கு மேலோ இருந்தால் ஐயம் வலுக்கும். பிறகு ஓர் அழகான சோதனை. எதிர்ப்பொருளின் இலேசான சங்கிலியில் கப்பா, லாம்டா என இரு வகை உண்டு. ஒரு செல் ஒரு வகையை மட்டுமே செய்யும். நல்ல மஜ்ஜையில் கப்பா செல்கள் இரண்டுக்கு லாம்டா ஒன்று என்ற அளவில் கலந்திருக்கும். தனித்தனியே நிறமூட்டும்போது ஏறக்குறைய எல்லாமே ஒரே வகையாகத் தெரிந்தால், அவை ஒரு செல்லின் வாரிசுகளே. வேடிக்கை என்னவென்றால், இந்த 'ஊமை' செல்களில் பெரும்பாலானவை புரதத்தைச் செய்யத்தான் செய்கின்றன. வெளியே அனுப்புவதில்லை, அவ்வளவுதான்! அதனால்தான் உள்ளே சென்ற நிறம் அதைப் பற்றிக்கொள்கிறது.

சிலவோ உண்மையில் ஊமையே அல்ல. மெல்லப் பேசின, நமக்குத்தான் கேட்கவில்லை. தனித்து உலவும் இலேசான சங்கிலிகளை மிக நுட்பமாக அளக்கும் இரத்தச் சோதனை ஒன்றின் முடிவுகள் 2001-இல் வெளியாயின. ஊமை வகை என்று முத்திரை குத்தப்பட்ட 28 நோயாளிகளை அதில் சோதித்தபோது, 19 பேரின் இரத்தத்தில் தடயம் கிடைத்தது. எதுவுமே கிடைக்காதவர்களுக்குச் சிகிச்சை பலிக்கிறதா என்று அறிய, மஜ்ஜையை மீண்டும் எடுத்துப் பார்ப்பதும் உடலை ஸ்கேன் செய்வதுமே வழி.