தட்டில் இருக்கிறது படம், வர மாட்டேன் என்கிறது!

வீட்டு அலமாரியின் மேலடுக்கைச் சற்றுத் துழாவிப் பாருங்கள். பழைய மருந்துச் சீட்டு, பூட்டில்லாத சாவி, சாவியில்லாத பூட்டு இவற்றுக்கெல்லாம் நடுவே பளபளவென்று பத்துப் பதினைந்து வட்டத் தட்டுகள் கிடக்கும். சிலவற்றில் ஸினிமாப் படம்; சிலவற்றில் கல்யாணம்; ஒன்றிரண்டில் என்ன இருக்கிறது என்று வீட்டில் யாருக்குமே தெரியாது. விஸிடி என்றும் டிவிடி என்றும் ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு வாடகைக்குக் கொடுத்தார்களே, அந்த ரகம்தான்.

டிவிடி 1996-ல் ஜப்பானில் முதன்முதலாகக் கடைக்கு வந்தது. நம் ஊரில் அது ஏழை வீட்டுக்கும் எட்டியது 2007-க்குப் பிறகு. அந்த வருஷம் மோஸர் பேர் கம்பெனி விஸிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கிற்று. கோயிலுக்குப் போகிறவர்கள் தேங்காய் பழத்தோடு ஒரு படத்தையும் வாங்கிக்கொண்டு வந்த காலம் அது! அந்தக் கம்பெனி இன்று இல்லை. தட்டை ஓட்டும் பெட்டியும் பல வீடுகளில் பரணுக்குப் போய்விட்டது. புதிதாக வாங்குகிற லாப்டாப்பிலோ தட்டைப் போட வாயே கிடையாது.

சரி, இருக்கிறபோதே எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிடுவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காருகிறோம். அங்கேதான் பிடிக்கிறது சனியன். பாதி வரை வந்து நின்றுவிடுகிறது. அல்லது முழுவதும் வந்துவிட்ட மாதிரி பாவனை செய்கிறது. ஓட்டிப் பார்த்தால் கதாநாயகியின் முகம் பச்சையும் சிவப்புமாகக் கட்டம் கட்டமாக உடைகிறது. “தட்டு போயிடுச்சுப்பா” என்று யாராவது தீர்ப்புச் சொல்ல, அது குப்பைக்குப் போகிறது. பல சமயங்களில் அது அவசரத் தீர்ப்பு. தட்டு, டிரைவ், பூட்டு, நகலெடுக்கும் ஸாஃப்ட்வேர் ஆகிய நாலு பேரில் குற்றவாளி யார் என்று விசாரிக்காமலே தூக்குத் தண்டனை!

விசாரணைக்கு முன்னால் ஒரு காரியம். தட்டுகளையெல்லாம் கவிழ்த்துப் பாருங்கள். அடிப்பக்கம் வெள்ளி நிறமாகவோ இலேசான பொன் நிறமாகவோ இருந்தால் அது தொழிற்சாலையில் அச்சுப் போல அழுத்தித் தயாரித்தது. கடையில் வாங்கிய ஸினிமா. ஊதா ஓடியிருந்தால் அது வீட்டிலோ ஸ்டூடியோவிலோ பதிவு செய்தது. அதில் உள்ள சமாசாரமெல்லாம் ஒரு சாயப் பூச்சில் லேஸர் கதிரால் சுட்டு எழுதியது. சாயம் அல்லவா? வெயிலிலும் உஷ்ணத்திலும் வருஷங்கள் போகப் போக அது மங்கும். ஆக, 34 ரூபாய் ஸினிமாத் தட்டு திடமாக இருக்கிறது. உலகத்தில் வேறெங்கும் பிரதி இல்லாத உங்கள் வீட்டுக் கல்யாணத் தட்டுத்தான் முதலில் கண்ணை மூடப் போகிறது! ஸினிமாவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஊதாவிலிருந்து ஆரம்பியுங்கள்.

லாப்டாப்பில் வாய் இல்லாதவர்கள் யுஎஸ்பி டிரைவ் ஒன்றை வெளியே மாட்டிக்கொள்கிறார்கள். அது ‘டிக், டிக்’ என்று தட்டிவிட்டு நடுவில் காணாமல் போனால், தட்டைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் மின்சாரம் போதவில்லை என்று அர்த்தம். நாலைந்து சாமான்களைச் சேர்த்து மாட்டும் கிளைப் பெட்டியில் செருகியிருந்தால் அதை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரிலேயே நேராகச் செருகுங்கள். மேஜைக் கம்ப்யூட்டராக இருந்தால் பின்புறத் துவாரம் உத்தமம். பிறகு வேறு ஒரு நல்ல தட்டைப் போட்டுப் பாருங்கள். அது ஓடினால் டிரைவ் நிரபராதி.

ஃபைல்களெல்லாம் தெரிகின்றன, படம் மட்டும் ஓடவில்லை என்றால்? விண்டோஸ் 8 வந்த 2012-லிருந்தே டிவிடி ஓட்டும் வசதியை மைக்ரோஸாஃப்ட் கூடவே கொடுப்பதை நிறுத்திவிட்டது. பிரான்ஸ் தேசத்துக் கல்லூரி மாணவர்கள் 1996-ல் தொடங்கிய முயற்சியிலிருந்து பிறந்த விஎல்ஸி என்ற ஸாஃப்ட்வேர் இலவசம். அதைப் போட்டுக்கொண்டால் தீர்ந்தது.

விஸிடியின் கதை வேறு. ஒரு தட்டில் 74 நிமிஷம்தான் கொள்ளும். அதனால்தான் நம் படங்கள் இரண்டு தட்டு, மூன்று தட்டாக வந்தன. இரண்டாவது தட்டை யாரோ இரவல் வாங்கிப் போய்த் திருப்பிக் கொடுக்காத வீடுகள் எத்தனையோ! அதற்கு விஞ்ஞானத்தில் மருந்து இல்லை. கிடைத்த தட்டைக் கம்ப்யூட்டரில் போட்டால் ‘எம்பெக்ஏவி’ என்ற ஃபோல்டருக்குள் ‘டாட்’ என்று முடியும் பெரிய ஃபைல் ஒன்று இருக்கும். அதை இழுத்துப் போட்டால் நடுவில் ‘சைக்ளிக் ரிடண்டன்ஸி செக்’ என்று பயமுறுத்தி நிற்கும். சாதாரண ஃபைல்களுக்குப் பிழை திருத்தும் குறிப்புகள் கூடுதலாக உண்டு. விஸிடியிலோ, படம் நிறையக் கொள்ள வேண்டும் என்பதற்காக அந்த இடத்தையும் படத்துக்கே கொடுத்துவிட்டார்கள். விண்டோஸுக்கு இந்த உள்விவகாரம் புரியாது. ஒரு துளி பிழை வந்தாலும் கடையை மூடிவிடும். ஐஸோபஸ்டர் போன்ற ஸாஃப்ட்வேர் பிழையுள்ள இடத்தைத் தாண்டிக் குதித்து மேலே போகும். ஒரு விநாடி படம் குதிக்கும், அவ்வளவுதான். குதித்தால் என்ன, நாம் தியேட்டரில் பார்க்காத குதியா?

டிவிடியில் கடையில் வாங்கிய படங்களுக்குப் பெரும்பாலும் பூட்டு உண்டு. தட்டிலுள்ள ஃபைல்களை அப்படியே இழுத்துப் போட்டால், பூட்டிய பெட்டியைத்தான் வீட்டுக்குக் கொண்டு வருகிறீர்கள். சாவி தட்டின் உள்விளிம்பிலேயே தங்கிவிடுகிறது. கட்டம் கட்டமாக முகம் உடைவதன் ரகசியம் இதுதான். இந்தப் பூட்டைத் திறக்கும் ஸாஃப்ட்வேர் 1999-ல் வெளியானபோது, அதில் பங்குகொண்ட ஜான் ஜொஹான்ஸன் என்ற நார்வே தேசத்துப் பையனுக்கு வயது 15. வழக்குப் போட்டார்கள், 2003-ல் கீழ்க்கோர்ட்டும் மேல்கோர்ட்டும் அவனை விடுதலை செய்தன. அமெரிக்காவில் 1998-ல் வந்த சட்டம் இவ்வளவு தாராளமானதல்ல. நம் நாட்டில் 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தில் 65-ஏ பிரிவைச் சேர்த்தார்கள். பிறர் உரிமையை மீறும் எண்ணத்தோடு பூட்டை உடைப்பவருக்கு இரண்டு வருஷம் வரை சிறை. சட்டம் தடுக்காத காரியத்துக்கு இந்தப் பிரிவு குறுக்கே நிற்காது என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறது. நகல் எடுத்து நண்பர்களுக்கு விநியோகம் செய்தால் அது திருட்டு. அதில் இரண்டு அபிப்பிராயம் வேண்டாம். பலர் உபயோகிக்கும் ஹாண்ட்பிரேக் என்ற இலவச ஸாஃப்ட்வேர் தானாகப் பூட்டைத் திறக்காது. “படமே தெரியவில்லை, இது மோசமான ஸாஃப்ட்வேர்” என்று அதைத் திட்டுவதில் பிரயோஜனம் இல்லை.

அமெரிக்காவிலிருந்து மருமகன் கொண்டு வந்த தட்டு ஓடாததற்கு வேறு காரணம். டிவிடிக்கு உலகத்தைக் கூறு போட்டிருக்கிறார்கள். அமெரிக்கா 1, சிங்கப்பூர் 3, இந்தியா 5. உங்கள் டிரைவ் தன் பிராந்தியத்தை ஐந்து தடவைதான் மாற்றிக்கொள்ளச் சம்மதிக்கும். அதன்பின் எங்கே நின்றதோ அங்கேயே ஆயுள் முழுவதும் நிற்கும். கம்ப்யூட்டர் “மாற்றட்டுமா?” என்று கேட்கிறபோதெல்லாம் தலையாட்டாதீர்கள்.

இனி, எல்லாருக்கும் வருகிற தொல்லை: பாதியில் நிற்பது. முதல் வேலை, தட்டைச் சுத்தம் செய்வது. வெதுவெதுப்பான தண்ணீரில் துளி சோப்பு; பழைய வேட்டித் துணி மாதிரி மெத்தென்ற பருத்தித் துணி. நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்க்கோடாகத் துடைக்க வேண்டும். பாத்திரம் விளக்குவதுபோல் சுற்றிச் சுற்றித் தேய்க்கவே கூடாது. காரணம் இருக்கிறது. படம் தட்டில் சுருள் கோடாக எழுதியிருக்கிறது. குறுக்கே விழுந்த கீறல் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம்தான் தின்னும். 1960-ல் ரீட், சாலமன் என்ற இரண்டு கணித நிபுணர்கள் கண்டுபிடித்த கணக்கு அந்த இழப்பை ஈடுகட்டிவிடும். சுற்றோடு சுற்றாக விழுந்த கீறலோ ஒரே இடத்தில் நீளமாக விழுங்கிவிடும். அங்கே கணக்கும் கைவிரித்துவிடும். பல் தேய்க்கும் பசையைத் தடவுவது என்று ஒரு வைத்தியம் உலவுகிறதே, அதைக் கல்யாணத் தட்டில் பரீட்சை செய்ய வேண்டாம். ஸ்டூடியோக்காரர் மணமக்கள் படம் போட்டு ஒட்டிய காகிதத்தையும் பிய்க்காதீர்கள். 0.6 மில்லிமீட்டர் கனமுள்ள இரண்டு பிளாஸ்டிக் வில்லைகளை ஒட்ட வைத்ததுதான் டிவிடி. காகிதத்தோடு தட்டும் பிளந்துகொண்டால் கதை முடிந்தது.

எங்கள் தெருவில் ஓர் அம்மாள். 2008-ல் நடந்த அறுபதாம் கல்யாணத்தை டிவிடியில் வைத்திருந்தார். அவருடைய கணவர் காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. தாலி கட்டும்போது புரோகிதர் ஏதோ சொல்ல, அவர் பதிலுக்கு ஒரு வேடிக்கை சொல்லிச் சபையே சிரிக்கும். அவர் குரல் இருப்பது அந்த ஒரு தட்டில்தான். அண்ணன் மகன் நகலெடுக்க உட்கார்ந்தான். 61 சதவிகிதத்தில் நின்றது. மறுபடி போட்டான்; மறுபடி அதே இடம். எட்டாவது தடவை டிரைவ் தட்டையே ஒப்புக்கொள்ளவில்லை.

“அவ்வளவுதானாப்பா?” என்றார் அம்மாள்.

“இல்லை அத்தை, டிரைவ் சூடாகியிருக்கு. ஆறட்டும். வேற மாதிரி செஞ்சு பார்க்கலாம்” என்றான் பையன்.

அந்த ‘வேறு மாதிரி’ என்னவென்றால் டிடிரெஸ்க்யூ என்ற இலவச ஸாஃப்ட்வேர். லினக்ஸில் ஓடுவது, பார்க்க அழகாக இராது, எழுத்து எழுத்தாகக் கட்டளை கொடுக்க வேண்டும். ஆனால் குணத்தில் தங்கம். மற்றவை கெட்ட இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கின்றன. இது முதலில் சுலபமாக வருகிற பகுதிகளையெல்லாம் சேகரித்துக்கொண்டு, கஷ்டமான இடங்களுக்கு அப்புறம் திரும்பி வருகிறது. எது வந்தது, எது பாக்கி என்று ஒரு குறிப்பேடும் எழுதி வைக்கிறது. அதனால் இன்று நிறுத்தி நாளைக்குத் தொடரலாம். அதைவிட விசேஷம், தட்டை வேறொரு டிரைவில் போட்டு, பாக்கி இடங்களை மட்டும் படிக்கச் சொல்லலாம். ஒரு டிரைவின் கண்ணுக்குத் தெரியாதது இன்னொன்றின் கண்ணுக்குத் தெரியும். பையன் பரணிலிருந்த பழைய கம்ப்யூட்டரையும், பக்கத்து வீட்டு டிரைவையும் பிடித்தான். மூன்று டிரைவ், இரண்டு ராத்திரி. கடைசியில் போனது நாலைந்து விநாடிப் படம். அதுவும் பந்தியில் சாம்பார் பரிமாறும் கட்டம். வேடிக்கைப் பேச்சு முழுசாக வந்துவிட்டது.

அவன் செய்த இன்னொரு நல்ல காரியம், தட்டிலிருந்து நேரே படத்தைச் சுருக்க முயலாதது. தளர்ந்த தட்டை மணிக்கணக்கில் சுற்ற விட்டுச் சுருக்குவது ஆபத்து. முதலில் தட்டை உள்ளபடியே ஒரே ‘இமேஜ்’ ஃபைலாக எடுத்துவிட வேண்டும். நல்ல தட்டானால் கால் மணி, அரை மணியில் முடியும். சுருக்குவதும் வெட்டுவதும் அதை வைத்துக்கொண்டு எத்தனை தடவை வேண்டுமானாலும் செய்யலாம்.

தட்டில் கறுப்பாக எழுதிய வட்டம் தெரிகிறது, கம்ப்யூட்டரோ ‘காலி’ என்கிறது என்றால், பதிவு செய்தவர் ‘ஃபைனலைஸ்’ என்ற கடைசிச் சடங்கைச் செய்யவில்லை. அதே ரிக்கார்டர் இருந்தால் அதில் போட்டு முடித்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் முன்பு சொன்ன ஐஸோபஸ்டர் இங்கும் உதவும். 8 செண்டிமீட்டர் குட்டித் தட்டுகளைத் தட்டம் வெளியே வருகிற டிரைவில் மட்டும் போடுங்கள். உள்ளே உறிஞ்சிக்கொள்ளும் ரகத்தில் போட்டால் மெக்கானிக்கைத்தான் கூப்பிட வேண்டும்.

பென்டிரைவில் 20 ஜிபி காலியாக இருந்தும் ‘ஃபைல் பெரிது’ என்று மறுக்கிறதா? ஃபாட்32 என்ற பழைய முறையில் ஒரே ஃபைல் 4 ஜிபிக்கு மேல் போகக்கூடாது. டிவிடி இமேஜோ 8.5 ஜிபி வரை போகும். உள்ளே இருப்பதை வேறிடத்தில் பத்திரப்படுத்திவிட்டு, எக்ஸ்ஃபாட் என்று மாற்றி அமைத்தால் சரியாகும். படத்தில் ஆள் ஓடும்போது சீப்புப் பல் மாதிரி கோடுகள் தெரிந்தால் ‘டிஇன்டர்லேஸ்’ என்பதைத் தட்டுங்கள். எல்லாரும் ஒட்டடைக் குச்சியாக நீண்டு தெரிந்தால் அகல உயர விகிதம் தவறு, தட்டு கெடவில்லை.

முடிந்தது என்று எழுந்துவிடாமல் நகலை ஆரம்பம், நடு, கடைசி என்று மூன்று இடங்களில் ஓட்டிப் பாருங்கள். இரண்டு இடங்களில் பிரதி வையுங்கள். ஒன்று வேறு வீட்டில் இருந்தால் நல்லது. ஃபைலுக்கு ‘வீடியோ 1’ என்று பெயர் வைக்காமல் யார் கல்யாணம், எந்த ஊர், எந்த வருஷம் என்று வையுங்கள். கல்யாணத் தட்டை ஓட்டும்போது வீட்டில் வயதில் மூத்தவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, முன்வரிசையில் விசிறியோடு உட்கார்ந்திருப்பவர் யார், குங்குமச் சிமிழை நீட்டுகிற பெண் யார் என்று கேட்டு எழுதி, அந்தக் குறிப்பையும் அதே ஃபோல்டரில் போட்டு வையுங்கள்.