கண்மாய்க்கரைச் சபைகள் வளர்த்த பேராயர்

மதுரையைச் சுற்றியுள்ள கிராமத்துச் சபைகளுக்குப் பேராயர் வருகிறார் என்றால் அது ஊர்த் திருவிழா. எல்லையிலேயே மேளம் காத்திருக்கும். கழுத்து கொள்ளாத மாலை, ஊர்வலம், பிறகு ஞானஸ்நானம், திடப்படுத்தல், திருவிருந்து. எழுபது ஆண்டுகளுக்கு முன் இந்த மரியாதைகளை ஏற்றுக்கொண்டு சந்து சந்தாக நடந்தவர் லெஸ்லி நியூபிகின் என்ற ஆங்கிலேயர். உலகின் பல இறையியல் கல்லூரிகளில் இன்று அவர் பாடம். ஆனால் அந்தப் பாடத்தின் பெரும்பகுதியை அவர் படித்தது நம் கண்மாய்க்கரைக் கிராமங்களில்தான். அதை நாமே மறந்துவிட்டோம் என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

1909 டிசம்பர் 8 அன்று இங்கிலாந்தின் நியூகாசிலில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்தவர். 1936இல் ஸ்காட்லாந்து திருச்சபையில் குருப்பட்டம் பெற்று, ஹெலனை மணந்து, அதே ஆண்டு சென்னைக்குக் கப்பல் ஏறினார். வந்த கொஞ்ச நாளில் பேருந்து விபத்தில் கால் நொறுங்கியது. அறுவைச் சிகிச்சைக்கு மேல் அறுவைச் சிகிச்சை. ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. வேறொருவராக இருந்தால் அங்கேயே தங்கியிருப்பார். நியூபிகின் 1939இல் மறுபடியும் வந்து சேர்ந்தார், காஞ்சிபுரத்துக்கு.

காஞ்சியில் அவர் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். வாரத்தில் ஒரு மாலை இராமகிருஷ்ண மடத்துக்குப் போய்த் துறவிகளோடு தரையில் அமர்வார். ஒரு வாரம் சுவேதாசுவதர உபநிடதம், அடுத்த வாரம் யோவான் நற்செய்தி என்று மாற்றி மாற்றிப் படித்தார்கள். அந்த மடத்துக் கூடத்தில் மற்ற மகான்களின் படங்களோடு இயேசுவின் படமும் இருந்தது. கிறிஸ்துமஸ் நாளில் அதற்கு வழிபாடும் நடந்தது. இயேசுவைத் தங்கள் மரபுக்குள் ஒரு மாடத்தில் பத்திரமாக வைத்துவிட்டார்கள் என்று அவருக்குத் தோன்றியது. அதோடு நின்றிருந்தால் அது வழக்கமான மிஷனரி விமர்சனம். பிற்காலத்தில் அவர் அதே கேள்வியைத் தன் ஊர்ப் பக்கம் திருப்பினார்: ஐரோப்பாவும் இயேசுவைத் தன் பண்பாட்டு மாடத்தில்தானே வைத்திருக்கிறது?

1947க்கு வருவோம். நாடு விடுதலை பெற்று ஆறு வாரம் கழித்து, செப்டம்பர் 27 அன்று, சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. 1919இல் தரங்கம்பாடியில் வேதநாயகம் சாமுவேல் அசரியா போன்றவர்கள் கூடிப் பேசத் தொடங்கியதிலிருந்து 28 ஆண்டுக் காத்திருப்பு. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் என்று பிரிந்து கிடந்தவர்கள் ஒரே திருச்சபையானார்கள். நியூபிகின் மதுரை–இராமநாதபுரம் திருமண்டலத்தின் பேராயரானார். வயது 37.

இதன் விசித்திரத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மதுரையில் அமெரிக்க மிஷன் 1834இலேயே வேரூன்றியது. பசுமலை, அமெரிக்கன் கல்லூரி, மிஷன் ஆஸ்பத்திரி எல்லாம் அதன் கைவேலை. அந்த மிஷன் காங்கிரிகேஷனல் மரபு. அங்கே பேராயர் என்ற பதவியே கிடையாது. இராமநாதபுரம் பக்கம் ஆங்கிலிக்கன் சபைகள். அவர்களுக்குப் பேராயர் இல்லாமல் திருச்சபையே கிடையாது. இந்த இருவருக்கும் பொதுவாக வந்து சேர்ந்தவரோ, பேராயர் இல்லாத ஸ்காட்லாந்து திருச்சபையில் குருவானவர். போதாததற்கு, இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன் திருச்சபை இந்தப் புதிய ஐக்கியத்துக்கு முழு அங்கீகாரம் தரத் தயங்கியது. இங்கே பனங்காட்டிலும் கரிசலிலும் இருந்த எளிய சபையார் ஒரே பந்தியில் அமர்ந்துவிட்டார்கள். அங்கே அறிஞர்கள் விவாதித்துக்கொண்டிருந்தார்கள். நியூபிகின் அந்த விவாதத்துக்கு நூல்களால் பதில் சொன்னார். 1948இல் ஒன்று, 1953இல் ‘தி ஹவுஸ்ஹோல்ட் ஆஃப் காட்’.

ஆனால் அவரை அதிகம் மாற்றியது கிராமம்தான். மிஷன் காலத்து ஏற்பாடு எல்லோருக்கும் தெரியும். ஒரு ஊரில் பத்துக் குடும்பம் கிறிஸ்தவத்துக்கு வந்தால் அங்கே ஒரு உபதேசியாரைப் போட வேண்டும். அவருக்குச் சம்பளம் வேண்டும். சம்பளத்துக்குக் கடல் கடந்து பணம் வர வேண்டும். பணம் நின்றால்? சபையும் நின்றுவிடுமா? விடுதலை பெற்ற நாட்டில் இந்தக் கேள்வியைத் தள்ளிப்போட முடியாது. ஊரிலேயே உழைத்துப் பிழைக்கிற, அக்கம்பக்கத்தார் மதிக்கிற ஆட்களைத் தேடிப் பிடித்துப் பயிற்சி கொடுங்கள், பொறுப்பை அவர்கள் கையில் கொடுங்கள் என்று அவர் வற்புறுத்தினார். எழுதப் படிக்கச் சிரமப்படும் மனிதர்கள்கூடத் தங்கள் தெருவில் நற்செய்தியைச் சுமந்து போவதை அவர் கண்ணால் கண்டார். 1956இல் ஆங்கிலத்தில் வெளியான ‘சின் அண்ட் சால்வேஷன்’ என்ற சிறு நூல், முதலில் நம் தமிழ்ச் சபை ஊழியர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டதுதான். பாவம், மீட்பு என்ற பெரிய சொற்களைக் கிராமத்து ஊழியருக்குப் புரியும்படி சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் அவர் நடையையே மாற்றியது. அவருடைய நூல்களில் நான் திரும்பத் திரும்ப எடுப்பது அதைத்தான்.

1989இல், எண்பதை நெருங்கும் வயதில், அவர் எழுதிய புகழ்பெற்ற நூலில் ஒரு கருத்து வருகிறது: நற்செய்திக்கு ஒரே விளக்கவுரை, அதை நம்பி அதன்படி வாழும் ஒரு சபை. மேற்கில் இதைப் புதுமை என்று கொண்டாடினார்கள். மதுரைப் பக்கத்துக் கூரைச் சபைகளைப் பார்த்தவருக்கு இது நூலகத்தில் கிடைத்த ஞானம் அல்ல என்பது தெரியும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தச் சபைகளில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சமூகத்தினர். சாதியைக் குறித்து, பிற்காலத்தில் அரசரடி இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு போன்றவர்கள் பறையும் நாட்டார் மெட்டும் எடுத்துக் கேட்ட கேள்விகளின் கூர்மை நியூபிகினிடம் இல்லை. அந்தக் கேள்விகளை இந்த மண்ணின் பிள்ளைகளே கேட்க வேண்டியிருந்தது.

1959இல் மதுரையை விட்டுச் சர்வதேச மிஷனரிப் பேரவைக்குப் போனார். 1961 புதுதில்லி மாநாட்டில் அது உலகத் திருச்சபைகள் மன்றத்தோடு இணைந்ததில் அவருக்குப் பங்குண்டு. ஆனால் அந்த மன்றத்தின் ஜெனீவா அலுவலகம் அவரைப் பிடித்து வைக்கவில்லை. 1965இல் சென்னைப் பேராயராகத் திரும்பி வந்தார்.

1974இல் ஓய்வு. நியூபிகினும் ஹெலனும் இரண்டு பெட்டி, ஒரு முதுகுப்பையோடு பேருந்து ஏறினார்கள். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான், துருக்கி என்று கிடைத்த வண்டியில் தரைவழியாகவே இங்கிலாந்து போனார்கள். வழியில் கப்பதோக்கியாவில் ஒரு ஞாயிறு. ஒரு காலத்தில் திருச்சபைத் தந்தையர் வாழ்ந்த பூமி. சேர்ந்து வழிபட ஒரு ஆள் இல்லை. கணவனும் மனைவியும் மட்டும் ஜெபித்தார்கள். ஒரு திருச்சபை முழுவதுமாக மறைந்து போகக்கூடும் என்பது அன்று அவர் மனத்தில் ஆழமாகப் பதிந்தது.

சொந்த நாட்டில் காத்திருந்தது அதைவிடக் கடினம். பர்மிங்ஹாமில் ஆசிரியப் பணி முடிந்தபின், எழுபது வயதில், வின்சன் கிரீன் என்ற ஏழைப் பகுதியில், சிறைச்சாலைக்கு எதிரே, மூடிவிடலாம் என்று சபைத் தலைமை நினைத்த ஒரு சிறு ஆலயத்தின் போதகரானார். இந்தியாவில் எதிர்ப்பைப் பார்த்தவர். இங்கே கண்டது குளிர்ந்த அலட்சியம். முன்பு கிராமங்களில் செய்ததைப் போலவே வீடு வீடாக நடந்தார். ஆங்கிலேயர் வீடுகளில் பல கதவுகள் முகத்துக்கு நேரே சாத்தப்பட்டன. ஆசியாவிலிருந்து வந்து குடியேறியவர்களின் வீடுகளிலோ உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார்கள். 1998 ஜனவரி 30 அன்று காலமானார். கடைசி ஆண்டுகளில் கண்பார்வை போய்விட்டது. மாணவர்கள் புத்தகம் வாசித்துக் காட்ட, பக்கத்தில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.